மலை ஏறி இறங்கும் வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி கேட்டிருக்கிறார்: "கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி ஆம்னி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை மிளகு மூட்டையோடு சேலம் லீ பஜாருக்கு இறங்கி, தோட்டத்துக்கு வேண்டியதை ஏற்றிக்கொண்டு மேலே வருகிறேன். மற்ற நாளெல்லாம் தோட்டத்துக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம். சில மாதங்களாகக் காலையில் கிளம்ப அடம் பிடிக்கிறது. மலை இறங்கி அடிவாரம் தாண்டி வேகம் எடுத்தால் மிஸ்ஸிங் வருகிறது, எஞ்சின் விட்டுவிட்டு இழுக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு கரியாகக் கறுத்திருக்கின்றன, மூன்றாவது எண்ணெயில் நனைந்திருக்கிறது. பி.பி.ஆர். 6 இ.எஸ். என்று எழுதியிருக்கிறது. கடையில் ஒருவர் 'மலைக்கு ஹாட் பிளக்தான் சரி' என்கிறார். இன்னொருவர் 'இரிடியம் போடுங்கள், மைலேஜும் கூடும்' என்கிறார். மூன்றாமவர் 'மரை பொருந்தினால் போதும், எல்லாம் ஒன்றுதான்' என்கிறார். எதை வாங்குவது?"

தம்பி, மூன்று பேர் சொன்னதையும் விட்டுவிடுங்கள். உங்கள் எஞ்சினைச் செய்தவர்கள் எந்த எண் பிளக்கைப் போடச் சொன்னார்களோ அதையே, நல்ல கடையில், மூன்றாக வாங்கிப் போடுங்கள். ஆனால் வாங்கப் போவதற்கு முன் கழற்றிய மூன்று பிளக்கையும் தூக்கி எறியாதீர்கள். உங்கள் வண்டியில் என்ன கோளாறு என்று அவை ஏற்கெனவே சொல்லிவிட்டன. புது பிளக் அந்தக் கோளாறைக் கொஞ்ச நாள் மறைக்கும், தீர்க்காது. சேலத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பெட்ரோல் வண்டி வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏற்காட்டு வண்டிகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன.

முதலில் மூன்றாமவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், அதுதான் உடனடி ஆபத்து. மரை பொருந்துவது என்பது பாதிப் பொருத்தம்கூட இல்லை. மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், 12, 10 என்று பல அளவுகளில் வருகிறது. உங்களுடையது 14. சரி, 14-ஐயே வாங்கினீர்கள் என்று வையுங்கள். அந்த 14-லேயே மரைப் பகுதியின் நீளம் 12.7 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு, 19 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு. கடை வெளிச்சத்தில் தனியாகக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் தெரியும். உங்கள் பிளக்கில் இருப்பது என்.ஜி.கே. என்ற கம்பெனியின் குறியீடு. அதில் ஒரே ஓர் எழுத்துதான் மாறும்: 'எச்' என்றால் 12.7, 'இ' என்றால் 19.

நான் தொழில் பழகிய காலத்தில் ஒரு வண்டிக்கு 'எச்' போட வேண்டிய இடத்தில் 'இ' போட்டுவிட்டேன். இரண்டு சுற்று கையால் நன்றாகவே ஏறியது, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். கிக்கரை உதைத்ததும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் வளைந்த கம்பி நடுக்கம்பியோடு ஒட்டிப் படிந்திருந்தது. 6.3 மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்த பிளக்கைப் பிஸ்டன் மேலே வந்து அடித்திருக்கிறது. பிஸ்டன் தலையில் பிறை வடிவில் ஒரு வடு. எஞ்சினைக் கிளப்பாமல் ஒரே உதையோடு நிறுத்தியதால் பிழைத்தது. என் குருநாதர் அந்தப் பிளக்கைப் பல நாள் என் கருவிப் பெட்டியிலேயே வைத்திருக்கச் சொன்னார். இன்றைக்கும் புது பிளக் எதுவானாலும் பழையதையும் புதியதையும் தலைகீழாக மேஜையில் நிறுத்தி, உட்காரும் விளிம்பிலிருந்து நுனி வரை கண்ணால் அளந்துவிட்டுத்தான் போடுகிறேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நீள பிளக் போட வேண்டிய ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) குட்டை பிளக்கைப் போட்டால் வண்டி ஓடும். அதனால்தான் அது இன்னும் மோசம், தெரியாமலே ஆறு மாதம் ஓடிவிடும். தீப்பொறி குழிக்குள் ஒளிந்துகொண்டு எரிவது சரியாக இருக்காது. ஹெட்டில் மிச்சமிருக்கும் வெற்று மரையில் கரி படிந்து கல்லாகிவிடும். பிறகு சரியான பிளக்கைப் போடப் போனால் பாதியில் நின்றுகொள்ளும், அதற்கு மேல் இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துகொண்டு வரும். அதன் பிறகு லேத் பட்டறைக்குப் போய், புது மரை வெட்டிய உலோக வளையமான புஷ் போட வேண்டியதுதான்.

உட்காரும் விதமும் இரண்டு. வாஷரோடு தட்டையாக உட்காருவது ஒன்று, வாஷரே இல்லாமல் கூம்பாகச் சரிந்து உட்காருவது இன்னொன்று. ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. உங்களுடையது வாஷர் உள்ளது.

இப்போது உங்கள் பிளக்கில் இருக்கும் எழுத்துகளைப் படித்துவிடுவோம். முதல் 'பி' என்பது 14 மில்லிமீட்டர் மரை, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8 மில்லிமீட்டர். இரண்டாவது 'பி' என்பது பீங்கான் மூக்கு மரையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் வகை. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. அது தீப்பொறியால் எழும் மின்னிரைச்சலை அடக்குகிறது. கார்புரேட்டர் வண்டியில் அது இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் வைத்த ஃபியூவல் இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் அது இல்லாமல் போடவே கூடாது. அடுத்து வரும் 6 வெப்ப எண், அதைப் பிறகு சொல்கிறேன். 'இ' நீளம் 19. 'எஸ்' என்பது செம்பு உள்ளீடு வைத்த சாதாரண நடுக்கம்பி. சில பிளக்குகளில் கடைசியில் 9 என்றோ 11 என்றோ ஒரு கோடு போட்டு எழுதியிருக்கும். அது நடுக்கம்பிக்கும் வளைந்த கம்பிக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளி, 0.9 அல்லது 1.1 மில்லிமீட்டர். இதே பிளக் 16 மில்லிமீட்டர் அறுகோணத்தில் 'பி.சி.பி.ஆர்.' என்று ஆரம்பிக்கும். உங்கள் ஸ்பேனர் அதற்குப் பொருந்தாது, மற்றதெல்லாம் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: கழற்றிய பிளக்கில் இருக்கும் எண்தான் சரியான எண் என்று நம்பிவிடக் கூடாது. பழைய வண்டி பலர் கை மாறி வந்திருக்கும், முந்தைய மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிளக் கம்பெனிகள் வெளியிடும் பட்டியலில் வண்டியின் பெயர், மாடல், ஆண்டு, எஞ்சின் எல்லாம் ஒத்துப்போகிற வரியைப் பாருங்கள். பிளக்கில் உள்ள எண்ணும் பட்டியலும் ஒத்துப்போனால் அப்புறம் யோசிக்க வேண்டாம்.

இனி வெப்ப எண். உங்கள் கேள்வியின் உயிர் இதில்தான் இருக்கிறது. முதல் கடைக்காரர் தொட்டதும் இதைத்தான்.

ஹாட் பிளக், கோல்ட் பிளக் என்ற பெயர்களே ஆளைக் குழப்புகின்றன. ஹாட் பிளக் அதிகச் சூட்டைத் தருவதில்லை, அதன் தீப்பொறியும் பெரியதில்லை. தன் மேல் விழுந்த சூட்டை அது மெதுவாக வெளியேற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். பிளக்கைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே பாருங்கள். நடுக்கம்பியைச் சுற்றி வெள்ளைப் பீங்கான் மூக்கு தெரியும். அந்த மூக்கு உள்ளே ஆழமான இடத்திலிருந்து நீளமாகக் கிளம்பினால், நுனியில் வாங்கிய சூடு ஹெட்டுக்குப் போய்ச் சேர நெடுந்தூரம் நடக்க வேண்டும். அதனால் நுனி சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும், நுனி குளிர்ந்திருக்கும்.

இந்த நுனி ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 850 டிகிரி செல்சியஸ் வரைக்குள் இருக்க வேண்டும். 450-க்குக் கீழே போனால் கரி படிந்துகொண்டே போகும், எரிந்து போகாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டிய மின்சாரம் சுலபமான வழி கிடைத்ததென்று கரி மேல் வழிந்து இறங்கிவிடும், பொறி வராது. 850-ஐத் தாண்டினால் அதைவிட ஆபத்து. நுனி தணல் போலப் பழுத்து, பொறி வருவதற்கு முன்னாலேயே பெட்ரோல்-காற்றுக் கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிரே வெடிப்பு. சில நிமிடங்களில் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். வெப்ப எண்ணில் ஒரு படி மாறினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை மாறும் என்பது ஓரளவு நம்பத்தகுந்த கணக்கு.

இப்போது உங்கள் பாதையை நினைத்துப் பாருங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏறும்போது பின்னால் மூட்டை, இரண்டாவது கியர், ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் அழுத்தி, வேகமோ குறைவு. சித்திரை வெயிலில் அடிவாரத்தில் 40 டிகிரி தகிக்கும். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கிறது, காற்று தாராளமாகப் படாது. பிளக் நுனி வாழ்நாளிலேயே அதிகச் சூடு காணும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஹாட் பிளக் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, மலைக்கு ஹாட் பிளக் என்பது நேர் எதிரான அறிவுரை. தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்படியென்றால் ஏன் கறுத்தது? அது இறங்கும்போதும், தோட்டத்துக்குள் ஓடும்போதும் நடக்கிற வேலை.

மேலே காற்று மெலிது. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. ஃபியூவல் இஞ்ஜெக்‌ஷன் வண்டி அதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. கீழே அமைத்த அளவிலேயே ஊற்றும், கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். அதோடு மலைக்குளிர். காலையில் சோக்கை (குளிரில் கிளம்பக் காற்றைக் குறைக்கும் தட்டை) இழுத்துக் கிளப்பி, அரை கிலோமீட்டர் போய், நர்சரியில் நிறுத்தி, மறுபடி கிளப்பி, குடோனுக்குப் போய் நிறுத்தினால் எஞ்சின் ஒருநாளும் முழுச் சூட்டுக்கு வராது. வாரத்தில் ஆறு நாள் பிளக் 450 டிகிரியைக் கண்ணால் பார்க்காமல் கரியை வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. ஏழாவது நாள் மலை இறங்குகிறீர்கள். ஆக்சிலேட்டரில் கால் இல்லை, கியரிலேயே இழுத்துப் பிடித்து இருபது வளைவும் இறங்குகிறீர்கள். இறங்குகிற முறை சரிதான், பிரேக்கை நம்பி நியூட்ரலில் இறங்கக் கூடாது. ஆனால் பிளக் இன்னும் ஆறிப்போகிறது. கடைசி வளைவைத் தாண்டி, கோரிமேட்டுப் பக்கம் நேர் சாலை கிடைத்ததும் ஆக்சிலேட்டரை அழுத்துகிறீர்கள். சிலிண்டருக்குள் திடீரென்று அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பொறி இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கரி பூசிய பிளக்கில் அது கரி வழியே ஒழுகிவிடுகிறது. அதுதான் உங்கள் மிஸ்ஸிங்.

எனவே கரி படிந்த அந்த இரண்டுக்கும் மருந்து வேறு எண் பிளக் அல்ல. சோக் கேபிளைப் பாருங்கள். கைப்பிடியை உள்ளே தள்ளிய பிறகும் கார்புரேட்டரில் சோக் தட்டு முழுவதும் திறக்கிறதா என்று ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். பழைய வண்டிகளில் கேபிள் துருப்பிடித்து, தட்டு கால்வாசி மூடியே நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். தோட்டத்து மண் சாலைப் புழுதியில் அது கணக்கிட்ட கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துவிடும். கார்புரேட்டரில் மிதவையின் மட்டத்தையும் ஐடில் கலவையையும், வண்டி வாழ்கிற உயரத்திலேயே, அதாவது ஏற்காட்டிலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். சேலத்தில் சரிசெய்து கொண்டுபோனால் மேலே போனதும் மறுபடி பெட்ரோல் மிகும்.

எண்ணெயில் நனைந்த மூன்றாவது வேறு கதை. எண்ணெய் பெட்ரோலிலிருந்து வருவதில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து கீழிருந்து ஏறும், அல்லது வால்வு சீல் போய் மேலிருந்து இறங்கும். நீண்ட இறக்கத்தில் கால் எடுத்துவிட்டு வரும்போது உள்ளே உறிஞ்சல் அதிகம், தேய்ந்த சீல் வழியாக எண்ணெய் இழுபடும். இறங்கி முடித்து ஆக்சிலேட்டரை அழுத்தியதும் புகைக்குழாயில் ஒரு நீலப்புகை வந்து மறைகிறதா என்று பின்னால் வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் வால்வு சீல் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏற்றத்தில் விடாமல் புகை வந்தால் ரிங். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்தால் தெளிவாகிவிடும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம்.

வெப்ப எண்ணைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதில் ஏமாந்து எஞ்சினை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என்.ஜி.கே., டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறப் பிளக் கோல்ட். போஷ், சாம்பியன் இரண்டிலும் எண் ஏற ஏறப் பிளக் ஹாட். நேர் எதிர். என்.ஜி.கே. 6-க்கு ஏறத்தாழ இணை போஷில் 7, டென்சோவில் 20. உங்கள் பி.பி.ஆர். 6 இ.எஸ்.-க்குப் போஷில் டபிள்யூ.ஆர். 7 டி.சி., டென்சோவில் டபிள்யூ 20 இ.பி.ஆர். யூ., சாம்பியனில் ஆர்.என். 9 ஒய்.சி. என்று வழக்கமாக இணை காட்டுவார்கள். ஒரு பைக்கில் ஒரு கம்பெனியின் 8 இருந்த இடத்தில், எண் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு கம்பெனியின் 8-ஐப் போட்டிருந்தார்கள். மூன்று படி ஹாட். இரண்டு பேர் உட்கார்ந்து மே மாதத்தில் ஏற்காடு கிளம்பினார்கள். பாதி மலையில் நின்ற வண்டியை வேனில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஹெட்டைத் தூக்கினேன். பிஸ்டன் தலையின் நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு வழிந்ததுபோல் அலுமினியம். பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக, குருணை குருணையாகக் கொப்பளித்திருந்தது. வண்டிக்காரப் பையன் கையில் பிஸ்டனைக் கொடுத்தபோது அவன் பேசவே இல்லை. எண்ணைப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்த ஒரு பிளக், அவ்வளவுதான் காரணம். ஆகவே கம்பெனி மாற்றினால் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், இணைப் பட்டியலைக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

அடுத்து இரிடியம். இரிடியம் நல்ல பொருள், பொய் இல்லை. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768, இரிடியம் ஏறத்தாழ 2450. அவ்வளவு உறுதியான உலோகம் என்பதால் நடுக்கம்பியை 0.6 மில்லிமீட்டர், 0.4 மில்லிமீட்டர் என்று ஊசிபோல் செய்ய முடிகிறது. ஊசி நுனியிலிருந்து பொறி குதிக்கக் குறைந்த வோல்டேஜே போதும், தேய்மானமும் குறைவு. சாதாரண நிக்கல் பிளக் காரில் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைத்தால், இரிடியம் 80,000, ஒரு லட்சம் என்று போகும். தொழிற்சாலையிலிருந்தே இரிடியத்தோடு வந்த வண்டியில் கண்டிப்பாக இரிடியம்தான் போட வேண்டும். காசு மிச்சம் என்று அங்கே நிக்கல் போடுவது தவறு, கழற்றுவதற்கே மேலே உள்ள பாகங்களையெல்லாம் எடுக்க வேண்டிய எஞ்சின்களில் அது வீண் வேலையும்கூட.

ஆனால் உங்கள் ஆம்னிக்கு வேண்டாம் என்பது என் முடிவு. நல்ல நிலையில் உள்ள நிக்கல் பிளக்கை எடுத்துவிட்டு இரிடியம் போட்டால் மைலேஜ் கண்ணுக்குத் தெரியும்படி கூடாது. தேய்ந்துபோன பிளக்கை எடுத்துவிட்டு எந்தப் புது பிளக்கைப் போட்டாலும் மைலேஜ் கூடும். அந்தப் பெருமையை இரிடியத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், உங்கள் மூன்றாவது சிலிண்டர் எண்ணெய் குடிக்கிறது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய பிளக்கும் அந்த எண்ணெயில் அதேபோல் நனையும். நிக்கல் கறுத்தால் மென்மையான பித்தளை பிரஷ்ஷால் துடைத்து, இடைவெளியைச் சரிசெய்து மறுபடி போடலாம். இரிடியத்தின் ஊசி நுனி மேல் பிரஷ் படக் கூடாது. எஞ்சினைச் சீராக்குங்கள், பிறகு ஆசைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கின் அந்த வெள்ளைப் பீங்கான் வெறும் மண் பீங்கான் அல்ல, பெரும்பகுதி அலுமினா. அலுமினா வருவது பாக்சைட்டிலிருந்து. சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். பிளக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செம்மண் லாரிகள் ஞாபகத்துக்கு வரும். ஆயிரக்கணக்கான வோல்ட்டையும் நெருப்பையும் ஒரே நேரத்தில் தாங்குகிற பொருள் அது. தட்டினால் மட்டும் தாங்காது. தரையில் விழுந்த பிளக்கைப் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும், உள்ளேயே பொறி ஒழுகிவிடும்.

போலிகள் நிறைய உலவுகின்றன, அதனால் வாங்கும்போது பெட்டியை விட்டுப் பொருளைப் பாருங்கள். பீங்கான் மேல் அச்சு கூர்மையாக இருக்க வேண்டும், விரலால் தேய்த்தால் அழியக் கூடாது. வாஷர் பிளக்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் கழன்று விழாமல் மரையில் நிற்க வேண்டும். நடுக்கம்பி நட்டநடுவில் இருக்க வேண்டும். 'ஆர்' உள்ள பிளக்கின் தலைக்கும் நடுக்கம்பி நுனிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்டும், பெரும்பாலும் 5000-ஐ ஒட்டி. பூஜ்யம் காட்டினால் உள்ளே ரெசிஸ்டர் இல்லை, எழுதியது பொய்.

இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். பெட்டியிலிருந்து வரும்போதே சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், கையேடு சொல்வதே இறுதி. குறைக்க வேண்டுமானால் வளைந்த வெளிக்கம்பியை மட்டும் மெல்லத் தட்டுங்கள், நடுக்கம்பியில் எதையும் முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். நிக்கல் பிளக்கில் 1000 கிலோமீட்டருக்கு 0.01 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக இடைவெளி தேய்ந்து கூடும். 20,000 ஓடினால் 0.2, 0.3 கூடிவிடும்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை கூடவே வரும். பழையதைக் கழற்றுவதற்கு முன் பிளக் குழியில் உள்ள புழுதியைக் காற்றடித்து எடுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் வரிசை மாறிவிடும். புது பிளக்கின் தலையில் ஒரு சாண் பெட்ரோல் டியூபைச் செருகி, அந்த டியூபைப் பிடித்துத் திருகி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது, மரையைக் கெடுத்துவிடும். கையால் முழுவதும் ஏறி வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மில்லிமீட்டர் மரைக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கை இறுக்கத்துக்கு மேல் ஒரு சிறு திருகு போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் ஸ்பேனரில் உணரும் இறுக்கத்தைவிட உண்மையில் அதிகம் இறுகிவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. பைக்கில் 10 மில்லிமீட்டர் மரை என்றால் இறுக்கம் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், கார் கையோடு அதைத் தொடாதீர்கள். பல்சரின் டி.டி.எஸ்.ஐ. எஞ்சினில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக், 200 என்.எஸ்.-ல் மூன்று. கைக்கு எட்டுவதை மட்டும் மாற்றிவிட்டு மறைந்திருப்பதை விட்டுவிடுகிறார்கள், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக்கின் தலையில் இருக்கும் சின்ன நட் சில வண்டிகளில் பிளக் மேல் மாட்டும் கேப்புக்கு வேண்டும், சிலவற்றுக்குக் கழற்றிவிட வேண்டும். பழையதில் எப்படி இருந்ததோ அப்படியே செய்யுங்கள். எல்.பி.ஜி.யில் ஓடும் ஆம்னி என்றால் கேஸ் பற்ற அதிக வோல்டேஜ் வேண்டும், இடைவெளியைக் கேஸ் கிட் செய்தவர்கள் சொன்னபடி குறைத்து வையுங்கள். தோட்டத்து டீசல் ஜீப்புக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அதில் இருந்தால் குளோ பிளக்தான் இருக்கும், அது குளிரில் கிளம்பச் சூடேற்றும் வேறு பொருள்.

உங்களுக்கு இன்னும் ஒன்று. பனி இறங்கும் நாட்களில் மட்டும் மிஸ்ஸிங் அதிகமானால் பிளக்கைக் குற்றம் சொல்லாமல் பிளக் வயரைப் பாருங்கள். இருட்டிய பிறகு இருக்கையைத் தூக்கிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். வெடித்த வயரில் நீலப் பொறி ஊர்வது தெரியும். கையை அருகே கொண்டுபோகாதீர்கள்.

புது பிளக் போட்டு, சோக்கும் ஏர் ஃபில்டரும் சரிசெய்த பிறகு, லீ பஜார் போய்த் திரும்பி மலை ஏறும் நாளில் ஒரு வேலை செய்யுங்கள். ஏற்காடு ஊருக்குள் நுழையும் முன் கடைசி ஏற்றத்திலேயே, பாதுகாப்பான அகலமான இடம் பார்த்து, ஐடிலில் ஓடவிடாமல் எஞ்சினை அணைத்து நிறுத்துங்கள். நன்றாக ஆறட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பிறகு மூன்றையும் கழற்றி ஒரு செய்தித்தாள் மேல் சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். பீங்கான் மூக்கு வறுத்த காபிக் கொட்டை நிறத்துக்கும் இளம் பழுப்புக்கும் இடையில் இருந்தால் வெப்ப எண் உங்கள் மலைக்குச் சரி. வெளிப்புறப் பீங்கானில் உலோகத்தை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது மின்புலம் இழுத்த தூசிக் கறை. மூன்றாவது மட்டும் மறுபடி நனைந்திருந்தால், கம்ப்ரெஷன் சோதனையில் மூன்று சிலிண்டருக்கும் வந்த அளவுகளை எழுதி அனுப்புங்கள். ரிங்கா, சீலா என்று பார்த்துச் சொல்கிறேன்.